என் கை போடாத முடிச்சு

பெஞ்சின் இந்தக் கோடியில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது, காலையிலிருந்து என் வலது தொடையைத்தான் அது பிடித்துவைத்திருக்கிறது, நகர்ந்து உட்காரலாம், நகர்ந்தால் பக்கத்தில் இருக்கும் என் பழைய கப்பல் கூட்டாளி கேட்டோ, ‘என்ன கேப்டன், பயமா’ என்று கேட்பான், கேட்கமாட்டான், நினைப்பான், இரண்டும் ஒன்றுதான். ஒன்பது பேர் அந்தக் கதவுக்குள் போனார்கள், ஒன்பது பேரும் போன வேகத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தார்கள், ஒருவரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. புதிய அரசியல் சட்டம் அப்படி. வாக்காளர் பட்டியலில் பேர் ஏறவேண்டுமென்றால் அதே சட்டத்தின் புத்தகத்தைப் பதிவாளர் பிரித்துக் காட்டுவார், காட்டிய பிரிவை அவர் முன்னால் வாசிக்கவேண்டும், வாசிக்கத் தெரியாதவனுக்கு ஓட்டு இல்லை. மாதத்துக்கு ஒரு நாள், முதல் திங்கட்கிழமை, இந்த நீதிமன்றத்துப் பின்கட்டில் இந்தக் கூத்து நடக்கிறது. நான் ஆறு வருஷம் இந்த மாநிலத்துச் சட்டமன்றத்தில் உட்கார்ந்தவன். எனக்கு வாசிக்கத் தெரியாது. அப்பாடா, சொல்லியாயிற்று, மனசுக்குள்தானே, யாருக்குக் கேட்கப்போகிறது. கேட்டோவுக்குக் கூடத் தெரியாது. மிங்கோ லாட்சன், அடிமையாகப் பிறந்தவர், வடக்கும் தெற்கும் மோதிய போரில் தெற்கத்தி எஜமானரின் கப்பலைக் கடத்திக்கொண்டு வந்தவர், மாண்புமிகு உறுப்பினர், காகிதத்தைப் பார்க்காமலே இரண்டு மணி நேரம் பேசுவார் என்று பத்திரிகையில் போட்டார்கள். காகிதத்தைப் பார்த்து என்ன பிரயோசனம். பிறகு வெள்ளைத் துப்பாக்கிக்காரர்கள் வந்து வாக்குச்சாவடி வாசலில் நின்றார்கள், எங்கள் ஆட்சி போயிற்று, மாண்புமிகுவும் போயிற்று, இப்போது நான் வெறும் மிங்கோ. அசதியாக இருக்கிறது. அறுபத்திரண்டு வயதில் பள்ளிக்கூடப் பையன் மாதிரிப் பரீட்சைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

கயிறு இருக்கிறதா, இருக்கிறது, கோட்டுப் பையில், சுருட்டி வைத்தபடி. மெல்லிய மீன்பிடிக் கயிறு, நாலு பாகம் நீளம், பாகம் என்றால் கையிரண்டையும் விரித்த அளவு, கடல் ஆழத்தை அளக்க அதுதான் எங்கள் கணக்கு. கப்பலின் முன்னால் நின்று ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீரில் போட்டு ஆழம் பார்ப்பார்கள், அந்தக் கயிற்றில் இரண்டாவது பாகத்தில் இரட்டைத் தோல் வார், ஐந்துக்கு வெள்ளைத் துணி, ஏழுக்குச் சிவப்புக் கம்பளி, பத்துக்கு ஓட்டை போட்ட தோல், கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் நாக்கில் வைத்துப் பார்த்தால்கூடப் போதும், இது பருத்தி, இது கம்பளி, இது தோல் என்று நாக்கு சொல்லிவிடும். அந்தப் புத்தியைத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன். பதிவாளர் எப்போதும் மூன்று அத்தியாயங்களுக்குள்தான் பிரிக்கிறார், தோற்று வந்தவர்களைக் கேட்டுக் கேட்டு கேட்டோ கண்டுபிடித்துச் சொன்னான். மூன்று அத்தியாயம், நாற்பத்தொரு பிரிவு. மகள் ரோடாவிடம் கண் மங்கிவிட்டது, நீ வாசி, நான் கேட்கிறேன் என்றேன். நீல அட்டைப் புத்தகம், இங்கே மேஜைமேல் இருப்பதும் அதே அச்சுதான். அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து சாயங்காலம் சாயங்காலமாக வாசித்தாள், நான் கேட்டுக்கொண்டே கயிற்றில் அடையாளம் கட்டினேன், பிரிவு தொடங்கும் இடத்தில் ஒரு துணியோ தோலோ, ஒரு வாக்கியத்துக்கு ஒரு விரற்கடை. பிரிவு நீண்டால் கயிறும் நீளும். எண்கள் எனக்குத் தெரியும், கடல் வரைபடத்தில் எண்களோடுதானே பிழைத்தேன். புத்தகத்தில் பிரிவின் எண்ணைப் பார்த்தால் போதும், பைக்குள் விரல் அந்த இடத்துக்குப் போய்விடும், முதல் வார்த்தை வந்துவிடும், முதல் வார்த்தை வந்தால் மீதி தானாக வரும். கயிற்றின் கடைக்கோடியில் இருக்கிற பிரிவைக் கேட்டால் என்ன செய்வாய். வரும். நாற்பத்தொன்றும் வரும்.

இது என்ன. ஒரு முடிச்சு. நான் இங்கே முடிச்சுப் போடவில்லையே. முடிச்சே போடவில்லை, எல்லாம் ஊசியால் தைத்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. சனிக்கிழமை ரோடா இந்தக் கோட்டைத் துவைத்தாள், பையைப் பார்க்காமல் நனைத்திருப்பாள், கயிறு சலவையில் சிக்கு விழுந்திருக்கிறது, எத்தனை தடவை சொல்வது இந்தப் பெண்ணிடம். பொடிப் பொடியாக, எள்ளு மாதிரி, நல்ல இறுக்கம். அங்கேயும் ஒன்று இருக்கிறது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன, சிக்கு இப்படி ஒழுங்காக விழுமா, விழுந்திருக்கிறதே. எதுவானால் என்ன, என் கயிற்றில் என் கை போடாத முடிச்சு இருக்கக் கூடாது. அது பழைய சட்டம், இந்த நீல அட்டைச் சட்டத்துக்கு முந்தியது. கயிறு கையில் ஓடும்போது அந்நிய முடிச்சு ஒன்று விரலில் தட்டினால் அடையாளம் வந்துவிட்டது என்று ஆள் ஏமாந்து ஆழத்தைத் தப்பாகக் கூவிவிடுவான், கப்பல் மணலில் ஏறிவிடும். ஒருவன் அப்படி ஏற்றியிருக்கிறான், நெல் ஏற்றிய படகு, இரண்டு பேர் செத்துப்போனார்கள். கட்டைவிரல் நகத்தால் நெம்பினதும் முதலாவது விட்டுக்கொடுத்தது. இரண்டாவது பிடிவாதம் பிடிக்கிறது. இருக்கட்டும், வேறென்ன வேலை எனக்கு. பத்தாவது ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

“கேப்டன், பைக்குள்ள என்ன நோண்டிக்கிட்டே இருக்கீங்க?” என்கிறான் கேட்டோ.

“ஒண்ணுமில்ல. நூல்.”

“நீங்க உள்ள போயிட்டு ஓட்டுச் சீட்டோட வெளிய வாங்க. அது போதும். அடுத்த மாசம் துறைமுகத்து ஆளுங்க இருபது பேரைக் கூட்டிட்டு வந்துடறேன். கேப்டனே ஏறிட்டாருன்னா அவங்களுக்கும் தைரியம் வரும்.”

இருபது பேர். அதுதான் கழுத்தில் கட்டிய ஈயக்குண்டு. எனக்கு மட்டுமென்றால் வீட்டில் படுத்திருப்பேன், ஓட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், முழங்கால் வலிக்கிறது. நான் தோற்றால் இவர்கள் யாரும் இந்தப் படியை மிதிக்கமாட்டார்கள், இந்த மாவட்டத்தில் கறுப்பர்கள் எட்டாயிரம் பேர் ஓட்டுப் போட்ட காலம் உண்டு, இப்போது எழுபது பேர்கூட இல்லை. கேட்டோவுக்கு நான் என்றால் கடவுள். முப்பத்து நாலு வருஷம் ஆகிறது, இன்னும் அந்தப் பனிமூட்டத்தைப் பற்றியே பேசுவான். ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளைக்காரக் கேப்டன் கரையில் கோயிலுக்குப் போயிருந்தான், ஆற்றின்மேல் பால் கொட்டின மாதிரி மூட்டம், நான் சுக்கான் பிடிக்கும் அடிமை, இவன் ஆழம் பார்க்கும் அடிமை. வடக்குப் படைக் கப்பல்கள் உள்ளே வரக்கூடாது என்று கால்வாயில் இருந்த மிதவைகளையெல்லாம் எங்கள் எஜமானர்கள் எடுத்துவிட்டார்கள், எடுத்ததே நாங்கள்தான், அதனால் எது எங்கே இருந்தது என்பது என் தலைக்குள் மட்டும் இருந்தது. இழுவைப் படகுக்கு ஹெரான் என்று பேர். கரி மூட்டைகளுக்குப் பின்னால் என் டெல்ஃபி ஒளிந்திருந்தாள், கல்யாணமாகி நாலு மாதம். கயிற்றை அவிழ்த்தோம். கேட்டோ முன்னால் நின்று கூவினான், மூணு பாகம், ரெண்டரை, ரெண்டு. ஒன்றரைக்குக் கீழே போனால் தரை தட்டும், தட்டினால் தூக்கு. ரெண்டு. ஒண்ணே முக்கால். இந்த இடம்தான், எப்போதும் இந்த இடத்தில்தான் நினைப்பு தட்டி நிற்கிறது, இடப்பக்கம் திருப்பினேனே, எதற்காக இடப்பக்கம் என்று இன்றைக்குவரை எனக்குத் தெரியாது, கால் பாதத்தில் தண்ணீர் ஏதோ சொல்லிற்று. ரெண்டு, ரெண்டரை. திடீரென்று எதிரே வடக்குக் கப்பல், பீரங்கி வாய் எங்கள் நெஞ்சுக்கு நேரே. கேட்டோவுக்கு வாயை மூடத் தெரியவில்லை, பழக்க தோஷம், அப்போதும் நாலு பாகம் என்று ராகமாகக் கூவினான். அதனால்தான் சுடவில்லை என்று பிறகு அந்தக் கப்பல்காரர்கள் சொன்னார்கள், சண்டைக்கு ஒளிந்து வருகிறவன் இப்படி ஆழத்தைக் கூவிக்கொண்டு வருவானா. அன்றைக்கும் பயந்தேன். ஆனால் அன்றைக்குப் பயம் வயிற்றில் இருந்தது, இன்றைக்கு முழங்காலில் இருக்கிறது, இது ஒரு கிழட்டுப் பயம். ஆறாவது முடிச்சு விட்டது.

பிறகு வந்ததெல்லாம் மளமளவென்று வந்தது. அந்தக் கப்பல்களுக்கு நான் வழிகாட்டி, பிறகு நானே கேப்டன், கப்பற்படைத் தளபதியின் கையெழுத்தோடு ஒரு பாராட்டுக் கடிதம், பிறகு தேர்தல். எல்லாரும் எனக்கு வாசிக்கத் தெரியும் என்று அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான் நான் செய்த பொய். சின்ன வயதில் எஜமானர் பிள்ளையின் சிலேட்டைத் தொட்டதற்குக் கை வீங்க அடி வாங்கினேன், அதைக் காரணம் என்று சொல்லலாம், ஆனால் நாற்பது வயதில் யார் அடித்தார்கள், சும்மா சொல்லக் கூடாது, வெட்கம்தான். அடுத்த வருஷம் கற்றுக்கொள்ளலாம் என்பேன், டெல்ஃபி சரி என்பாள். அவள் எஜமானி வீட்டில் தையல் தைத்தபடியே திருட்டுத்தனமாக எழுத்துக் கற்றவள். மசோதாவையெல்லாம் அவள்தான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து வாசிப்பாள், நான் காதால் வாங்கிக்கொள்வேன், காலையில் சபையில் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வேன். காகிதத்தைக் கையில் பிடித்திருப்பேன், பக்கத்து இருக்கைக்காரர் பக்கத்தைத் திருப்பும்போது நானும் திருப்புவேன். இலவசப் பள்ளிக்கூட மசோதாவுக்கு இரண்டு மணி நேரம் பேசினது அப்படித்தான். கறுப்புப் பிள்ளைக்கும் ஏழை வெள்ளைப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் பேசினேன். உள்ளே உட்கார்ந்திருக்கிறாரே பதிவாளர், வயது முப்பது இருக்குமா, அவருடைய அப்பன் குத்தகைக்கு உழுத வெள்ளைக்காரன், கைநாட்டு, அந்தப் பள்ளிக்கூடம் இல்லையென்றால் இன்றைக்கு இவரும் கைநாட்டு. இதை யோசித்தால் சிரிப்பு வருகிறது, சிரிக்கத் தெம்பில்லை. அந்தப் பாராட்டுக் கடிதத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம், அதுவும் எனக்கு மனப்பாடம், டெல்ஃபி நூறு தடவை வாசித்திருக்கிறாள். ரோடாவுக்கு ஒன்பது வயதில், பள்ளிக்கூடத்தில் வாசிப்பில் முதலாவதாக வந்த ஜோரில், நாற்காலியில் ஏறி நின்று அதைச் சத்தமாக வாசித்தாள், ‘லாட்சன், எழுத்தறிவு அற்றவராயினும், மிகுந்த துணிவோடு’ என்று. தப்பாக வாசிக்கிறே, அது அதில் இல்லை, சரியாக வாசி என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்பங்கரையில் டெல்ஃபி தட்டைக் கீழே வைத்தாள். குழந்தை மறுபடியும் வாசித்தாள், ‘லாட்சன் மிகுந்த துணிவோடு’ என்று. சரியாகப் போயிற்று. அதை ஏன் இப்போது நினைக்கிறேன். டெல்ஃபி போய் மூன்று வருஷம் ஆகிறது, அந்த வார்த்தையைத் தினமும் விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல். பத்தாவது விட்டது. பதினோராவது கடைசி, இதுதான் ரொம்பப் பிடிவாதம், பல்லால் கடித்தால் வந்துவிடும், இத்தனை பேர் முன்னால் கயிற்றைக் கடித்தால் நன்றாக இருக்காது, நகம் போதும், வா, வா, வந்துவிட்டாய். இப்போது என் கயிறு சுத்தம். கேட்டோ என் விலாவில் இடித்தான், என் பேரைக் கூப்பிடுகிறார்கள்.

அறை சின்னது, வார்னிஷ் வாடை. ஜன்னல் திறக்கவில்லை. கதவை மூடவும் இல்லை, பெஞ்சில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் கேட்கட்டும் என்றுதான். பதிவாளர் தலை நிமிரவில்லை. “பேரு?” என்றார். சொன்னேன். அப்போது நிமிர்ந்தார். “ஓ, நீதானா அது. எங்க அப்பா உன்னப் பத்திச் சொல்லுவாரு” என்று சொல்லிவிட்டு அவர் என்ன சொல்லுவார் என்பதைச் சொல்லவில்லை. நீல அட்டையைப் பிரித்து என் பக்கம் தள்ளினார், விரலால் ஒரு இடத்தைத் தொட்டார். “இங்கேருந்து வாசி.” மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன், அதற்குள் எண்ணைப் பார்த்துவிட்டேன். ஐந்து. மேலே கல்வி அத்தியாயத்தின் எண். வலது கை பைக்குள், தோல், தோல், பருத்தி, ஓட்டை போட்ட தோல், இதோ, சிவப்புக் கம்பளி, அடடா, இது என் பிரிவு அல்லவா. பாதி என்னுடைய வாக்கியம், பழைய சட்டத்தில் நான் எழுந்து நின்று கேட்டு வாங்கிய வாக்கியம், புதுச் சட்டக்காரர்கள் அதை அப்படியே எடுத்து, கடைசியில் பிள்ளைகளைத் தோலைப் பார்த்துப் பிரித்து வை என்று தங்கள் வாலைச் சேர்த்திருந்தார்கள். ‘மாநிலம் முழுவதும் இலவசப் பொதுப் பள்ளிகளுக்குச் சட்டமன்றம் வகை செய்யும்’ என்று ஆரம்பித்தேன். குரல் நன்றாக வந்தது. என் இடது கை விரல் வரியின் கீழ் நகர்ந்தது, எவ்வளவு வேகத்தில் நகரவேண்டும் என்று ரோடாவின் விரலைப் பார்த்துப் பழகியிருந்தேன். ஒரு விரற்கடை, இரண்டு. ‘ஒவ்வொரு மாவட்டமும் தகுந்த பள்ளி வட்டங்களாகப் பிரிக்கப்படும், ஆறு வயது முதல் இருபத்தொரு வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளும்’ என்று போய்க்கொண்டிருந்தேன், எனக்கே கேட்க நன்றாக இருந்தது, சபையில் நிற்கிற மாதிரி இருந்தது.

“நில்லு” என்றார். நின்றேன். “இருபத்தொண்ணு எங்க இருக்கு? காட்டு.” எண் எனக்குத் தெரியும், பயமில்லை, பக்கத்தில் தேடினேன். அடி வரியைப் பார்த்தேன். அதற்கு மேல் வரியைப் பார்த்தேன். எண்ணாக இல்லாமல் எழுத்தாக இருந்தாலும் இருக்கும். என் விரல் காகிதத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது, அதற்குக் கீழே வெறும் மேஜை. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறது. “பக்கத்தத் திருப்பலியே, மிங்கோ” என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. காலையிலிருந்து பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்த குரல்தான் அது. “ஆறு வயசு முதல்னு இந்தப் பக்கம் முடியுது. மீதிய நீ எங்கேருந்து வாசிச்ச?” பக்கத்து இருக்கையில் ஆள் இல்லை என்று சொல்லவா. பேனாவை மையில் தொட்டு ஒரு கோடு போட்டார். “அடுத்தது.”

பெஞ்சில் எல்லாரும் தங்கள் தொப்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டோ மட்டும் எழுந்து நின்றான். அவனைத் தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தேன், என் முழங்கையைப் பிடித்தான். “கேப்டன், நிழல்ல உக்காருங்க. நான் உள்ள போறேன். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது, தெரியவிடாமப் பண்ணினது யாருன்னு அவன் மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வரேன்” என்றான். இவ்வளவு சுலபமாகச் சொல்லக்கூடிய விஷயமா அது. ஒரு எழுத்தும் தெரியாது. முப்பத்து நாலு வருஷம் நான் அதைச் சுமந்தேனே, மடையன்.

வாசல் படியில் உட்கார்ந்தேன், வெயில் மண்டையைப் பிளந்தது, நிழலுக்கு நகரத் தோன்றவில்லை. கயிற்றை வெளியே எடுத்தேன், இனி யார் பார்த்தால் என்ன. சிவப்புக் கம்பளியிலிருந்து விரற்கடை விரற்கடையாகப் போனேன். வகை செய்யும், ஒன்று. பிரிக்கப்படும், இரண்டு. ஆறு வயது முதல். அங்கே கயிறு கொஞ்சம் வளைந்திருந்தது. முடிச்சு இருந்த இடத்தில் நூல் உடனே நிமிராது, எத்தனை நாள் ஆனாலும் அந்த மடிப்பு தெரியும். மிகச் சரியாக அங்கே, ஆறு வயதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில். அடுத்த மடிப்பைத் தேடினேன், அடுத்ததை. பதினோரு மடிப்பு. நாற்பத்தொரு பிரிவில் பதினோரு இடத்தில் பக்கம் முடிகிறது. இங்கே பக்கத்தைத் திருப்பு என்று ரோடா போட்டுவைத்த அடையாளம், தையல்காரியின் முடிச்சு, டெல்ஃபி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது, இந்த விரலுக்கு அது தெரியும், பெஞ்சிலேயே அது என்னிடம் சொன்னது, நான்தான் சலவை என்றேன், சிக்கு என்றேன். அவளுக்குத் தெரியும். நேற்றிலிருந்தா, அம்மா போனதிலிருந்தா. இல்லை. ஒன்பது வயதில், நாற்காலியில் நின்றுகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாளே, அன்றைக்கே. பதினேழு வருஷம் என் குழந்தை எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அழுதேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

மதிய மணி அடித்ததும் வந்தாள், கையில் சாப்பாட்டுத் தூக்கு, உள்ளங்கையில் கரும்பலகைச் சுண்ணத் தூள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள்.

“சலவையில சிக்கு விழுந்திருச்சுன்னு நெனச்சேன்” என்றேன்.

“எல்லாத்தையுமா அவுத்துட்டீங்க?”

“பதினொண்ணையும்.”

பாவாடையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். தூக்கைக் கீழே வைத்தாள். “சனிக்கிழமை பூரா உக்காந்து போட்டேம்ப்பா” என்றாள்.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

தெருவில் ஒரு வண்டி போயிற்று. உள்ளே கேட்டோவின் குரல் உயர்ந்து கேட்டது, வார்த்தை புரியவில்லை. அடுத்த முதல் திங்களுக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது. நான் மறுபடி வந்தால் பதிவாளர் வேறு பக்கத்தைப் பிரிப்பார், வேறு ஒன்றைக் கேட்பார், கயிறு எத்தனை நாள் தாங்கும். உடம்பெல்லாம் களைத்திருந்தது. “ரோடா,” என்றேன், “எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா.” அறுபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வாயால் சொன்னேன். “தெரியும்ப்பா” என்றாள். தன் தோள்பையிலிருந்து நீல அட்டைப் புத்தகத்தை எடுத்து என் மடியில் பிரித்து வைத்தாள், ஐந்தாவது பிரிவு. என் விரலைப் பிடித்து முதல் வார்த்தையின் கீழ் வைத்தாள், வார்த்தை வார்த்தையாக நகர்த்தினாள், இது மாநிலம், இது பள்ளி, இது ஆறு. அடி வரியின் கடைசிக்கு வந்ததும் நிறுத்தினாள். அவள் திருப்பவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை, காத்திருந்தாள். விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு நான் பக்கத்தைத் திருப்பினேன்.